கரடிக்கு வழிவிடும் வேலை

ஜூலை வந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நம்மூரிலிருந்து வரும் சிறு குழுக்களை அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் பழுப்புக் கரடிகளைக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அங்கே போகச் சாலை கிடையாது. கிங் சால்மன் என்ற சிற்றூரிலிருந்து மிதவை விமானம் ஏறி நாக்நெக் ஏரியில் இறங்க வேண்டும். கரையேறியதும் ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், எடுக்கும் பாதுகாப்பு வகுப்பு, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கரடிக்கும் நமக்கும் 45 மீட்டராவது இடைவெளி வேண்டும். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் சாப்பிடக் கூடாது, கையில் வெறும் தண்ணீர்தான், பழரசம்கூட ஆகாது. போன முறை வந்த ஒரு அம்மா வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே கடலைமிட்டாய். "பிரிக்கவே இல்லையே தம்பி, இருந்துட்டுப் போகட்டுமே?" என்றார். கூடாதும்மா என்று சொல்லி, உணவு வைக்கும் அறையில் அதை வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். மனிதனிடம் தின்பண்டம் கிடைக்கும் என்று ஒரு கரடி ஒருமுறை தெரிந்துகொண்டால் அப்புறம் மனிதர்களைத் தேடி வரும், அப்படிப் பழகிய கரடிகள் எத்தனையோ இடங்களில் கடைசியில் சுடப்பட்டிருக்கின்றன. கடலைமிட்டாய் விஷயத்தில் நான் கறாராக இருப்பது அதனால்தான். ஆற்றில் தூண்டில் போடுபவர்களுக்கும் இதே கதைதான்: மீன் மாட்டித் துள்ளும்போது கரடி வந்தால் உடனே தூண்டில் நரம்பை அறுத்து மீனை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தூண்டில்காரன் நிற்கும் இடத்தில் சுலபமாக மீன் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

சரி, அருவிக்குக் கிளம்பினோம். காட்டுப் பாதையில் சத்தமாகப் பேசிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும்தான் போக வேண்டும், கரடியைத் திடுக்கிட வைப்பதைவிட ஆபத்து வேறில்லை. பாதி வழியில் எதிரே ஒரு ஆண் கரடி, அவசரமே இல்லாமல் பாதையின் நடுவில் வந்துகொண்டிருந்தது. ஓடாதீங்க, எல்லாரும் சேர்ந்தே இருங்க, மெதுவா மரங்களுக்குள்ள வாங்க என்று அழைத்துப்போய் நிறுத்தினேன். இந்த மாதிரி நேரத்தில் என் கண் பாதிதான் கரடி மேல் இருக்கும், மீதி என் ஆட்கள் மேல். கரடி என்ன செய்யும் என்று ஓரளவு கணிக்கலாம், பயந்துபோன மனிதனைத்தான் கணிக்கவே முடியாது. அது எங்களை ஏறிட்டும் பார்க்காமல் போய்விட்டது. இந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் வருஷக்கணக்காக ஒரே மாதிரி நடந்துகொண்டிருப்பதால் வந்த அலட்சியம் அது, அதைக் கெடுத்துவிடாமல் இருப்பதைத்தான் என் முதல் கடமையாக நினைக்கிறேன்.

புரூக்ஸ் அருவி சுமார் 1.8 மீட்டர் உயரம்தான். சாக்கை என்ற வகை சால்மன் மீன்கள் அதைத் தாண்டித் துள்ளும், மேலே விளிம்பில் நிற்கும் கரடி வாயைத் திறந்து பிடிக்கும். எல்லோரும் எடுக்க ஆசைப்படும் படம் இதுதான், ஆனால் கீழே நுரைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆண் கரடிகளைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். நல்ல இடம் பலசாலிக்குத்தான், வலியது வந்தால் மற்றது சண்டையில்லாமல் எழுந்துபோகும். மீன் ஏராளமாக இருக்கும்போது தோல், மூளை, முட்டை என்று கொழுப்பான பகுதிகளை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். வீணாக்குகிறதே என்று யாராவது வருத்தப்படுவார்கள். ஆனால் குளிர்கால உறக்கத்தில் கரடியின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை கரைந்துவிடும், அதற்கு முன்னால் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். மிச்சமும் வீணில்லை, கடற்பறவைகளும் சின்னக் கரடிகளும் கீழே காத்திருக்கின்றன.

அருவியைப் பார்க்கும் மேடையில் 40 பேர்தான் நிற்கலாம், கூட்டம் இருந்தால் ஒரு மணி நேரத்தோடு இறங்கிவிட வேண்டும். இறங்கச் சொன்னதும் என் ஆட்களுக்கு முகம் சுருங்கியது. எனக்கென்னவோ ஆற்றின் கீழ்ப்பகுதிதான் பிடிக்கும். பெரிய ஆண் கரடிகள் குட்டிகளைக் கொன்றுவிடும் என்பதால் தாய்க்கரடிகள் பெரும்பாலும் அருவிப் பக்கம் போகாமல் இங்கேதான் மீன் தேடும். அன்று ஒரு தாய் நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது, நாங்கள் பார்த்திருந்த நேரம் முழுக்க ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது, அதையும் குட்டிகள் பிடுங்கிக்கொண்டன. கடலைமிட்டாய் அம்மா கேமராவை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் விமானம் தாமதம், கரையில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கரடி படுத்திருந்தது. அதை விரட்ட யாரும் போகவில்லை. பைலட்டும் காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்திருந்த இடம் மூடிவிட்டது, இருந்த பிஸ்கட்டைத் தங்குமிடத்தில் பங்கிட்டுக்கொண்டோம்.