மகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு: சிக்கியது தூதரகத்தில் அல்ல

என் மகளின் இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. புழல் காவாங்கரையிலுள்ள எங்கள் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இதே வேலையைத் தொடங்கவிருக்கும் தாய்மார் பலர் என்னிடம் விசாரித்துக்கொண்டே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் வாய்வழியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. படிவம் நிரப்புவது, படம் எடுப்பது, நகல் போடுவது ஆகியவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. அவற்றில் யாரும் தடுமாறியதாக நான் கேள்விப்படவில்லை. நுங்கம்பாக்கத்திலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை நினைத்துத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். எனக்கு நேர்ந்த அலைச்சலில் பெரும்பகுதி வடசென்னையைத் தாண்டவே இல்லை.

மகள் 2007ஆம் ஆண்டு வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். இங்கே பிறந்தவள்தானே, இந்தியக் குடியுரிமை கிடைத்துவிடாதா என்று பக்கத்துத் தெருவில் இன்னும் கேட்கிறார்கள். 2004 டிசம்பர் 3ஆம் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். நானும் என் கணவரும் 1990இல் சிறுபிள்ளைகளாகப் படகில் கொண்டுவரப்பட்டு மண்டபம் அகதி முகாம் வழியாக வந்தவர்கள் என்பதால் அந்தக் கதவு எங்களுக்கு இல்லை. இலங்கையிலோ, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, நாட்டுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்தால்தான் அது இலங்கைப் பிள்ளை. அந்தக் காலம் கடந்துவிட்டால், தகுந்த காரணம் காட்டி அமைச்சரின் அனுமதியைப் பெற வேண்டும். ஆகவே பதிவு நடக்கும்வரை என் மகள் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாமல் பிளஸ் டூ வரை படித்து முடித்தாள்.

என்னை முதலில் அசைத்தது 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஒரு செய்தி. அந்நியச் செலாவணி இல்லாமல் இலங்கை அரசு நைஜீரியாவில் இருந்த தன் தூதரகத்தையும், ஜெர்மனியின் பிராங்பர்ட்டிலும் சைப்ரசிலும் இருந்த துணைத் தூதரகங்களையும் மூடுவதாக அறிவித்தது. இந்தியாவில் அந்த நாட்டுக்கு டெல்லி, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில்தான் அலுவலகங்கள் இருக்கின்றன. சென்னையையும் பூட்டிவிட்டால் நாங்கள் எங்கே போய் நிற்பது? அப்படி ஏதும் நடக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் கடன் தவணைகளையே நிறுத்திவைத்த நாடு, நல்லவேளையாக இந்த அலுவலகத்தை விட்டுவைத்தது. ஆனால் சிறிய நாட்டின் பிரஜையாக வெளியே இருப்பவர்கள் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அன்றே மனதில் பதிந்துவிட்டது.

முதல் தொல்லை ஓர் இடைத்தரகரால் வந்தது. தகப்பனின் பிறப்புச் சான்று இல்லாமல் மனுவை வாங்கவே மாட்டார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். என் கணவர் பிறந்த பகுதியின் பதிவேடுகள் போரில் அழிந்துபோயின. அவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ்தான் எடுக்க முடியும், அதற்கு ஊரில் கிராம அலுவலர் தொடங்கிப் பலரைப் பிடிக்க வேண்டும், அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகக் கூறித் தரகர் ஒரு தொகையும் கேட்டார். அந்தத் தொகையைக் கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தகப்பன் வழியாக மட்டுமே குடியுரிமை என்ற பழைய விதி 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தோடு போய்விட்டது; இப்போது தாய் இலங்கையராக இருந்தாலும் போதும். தூதரகக் கவுன்டரில் இருந்த அம்மையாரிடம் இதைக் கேட்டபோது, “உங்களுடைய பத்திரம் சரியாக இருந்தால் உங்கள் வழியாகவே போடலாம், தங்கச்சி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கணவரின் தாள்கள் அழிந்துபோன குடும்பங்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

என்னுடைய பிறப்புப் பத்திரத்தை மன்னார்ப் பிரதேச செயலகத்தில் பெரியம்மாவின் மகன் எடுத்து அனுப்பிவிட்டார். அதில் என் பெயர் மரிய கொறற்றி. மகளின் சென்னைப் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கும் இடத்தில் எழுதப்பட்டிருந்தது கொரட்டி மேரி. பிரசவ வார்டில் யாரோ காதில் விழுந்ததை எழுதி, முன்பின்னாக மாற்றி, அது அப்படியே பதிவேட்டில் ஏறிவிட்டது. தாயின் வழியாகக் குடியுரிமை கேட்கும்போது தாயின் பெயரே இரண்டு விதமாக இருந்தால் யார்தான் ஏற்பார்கள்? கவுன்டரில் அதைச் சுட்டிக்காட்டி, இந்தியச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். அது நியாயமான கோரிக்கை.

அங்கிருந்துதான் உண்மையான பாடு ஆரம்பித்தது. சென்னை மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திருத்தம் என்றால் பதிவு நடந்த பகுதியின் அலுவலகத்துக்கு நேரில் போயாக வேண்டும். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மன்னார்ப் பத்திரத்தை விரல் நுனியால் தள்ளி, “இது வெளிநாட்டுப் பேப்பர்மா, இதை வச்சு நான் எப்படி மாத்துறது? கெசட்ல பேர மாத்திக்கிட்டு வாங்க” என்றார். “சார், என் பேரு மாறவே இல்லை, இங்க எழுதினவங்கதான் மாத்தி எழுதியிருக்காங்க” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். மறுமுறை போனபோது கெசட் பேச்சே இல்லை. உங்கள் தூதரகத்தில் எழுதி வாங்கி வாருங்கள் என்றார். திருத்தம் நடந்தால்தான் தூதரகம் வாங்கும், தூதரகம் எழுதிக் கொடுத்தால்தான் இவர் திருத்துவார். ஆதாரம் கேட்டால் என் முகாம் அடையாள அட்டையிலும் குடும்ப அட்டையிலும் அதே கொரட்டிதான், ஏனென்றால் அவையும் இங்கே எழுதப்பட்டவை.

இதற்கிடையில் ஒரு நாள் முழுதாக வீணானது. அந்த அலுவலர் வரச் சொன்ன தேதியும் முகாமில் ஆள் தணிக்கை நடக்கும் தேதியும் ஒன்றாக விழுந்தன. தணிக்கைக்கு நிற்காவிட்டால் அந்த மாதம் அரசு தரும் பணக்கொடை சிக்கலாகிவிடும் என்பதால், காலையில் தணிக்கையை முடித்துக்கொண்டு, செங்குன்றத்திலிருந்து நிரம்பி வந்த பேருந்தில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவர் மதியத்துக்கு மேல் விடுப்பு. தேதி கொடுக்கும்போதே தணிக்கை நாளைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

முகாமில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறார். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் அதன் கீழான விதியையும் எடுத்து வந்து காட்டியவர் அவர்தான். பதிவேட்டில் ஒரு விவரம் தவறாக இருக்கிறது என்று பதிவாளருக்குத் திருப்தி ஏற்படும்படி நிறுவினால், மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. உண்மை விவரம் அறிந்த நம்பகமான இருவர் இன்ன தவறு, இன்னதே சரி என்று எழுதித் தரும் உறுதிமொழியைக் கொண்டே அதைச் செய்யலாம். இதில் எங்கும் கெசட் இல்லை. பெயரை மாற்றிக்கொள்கிறவருக்குத்தானே கெசட்?

நம்பகமான இருவராக, எனக்கு முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த ஓய்வு பெற்ற பங்குத் தந்தையையும், சிறு வயதிலிருந்து என்னை அறிந்த ஓர் ஆசிரியையையும் கேட்டேன். இருவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். கொரட்டி மேரியும் மரிய கொறற்றியும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம். என் மன்னார்ப் பத்திரத்தின் நகலில் உண்மை நகல் என்று தூதரகத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்; அந்த அம்மையார் தானாகவே முன்வந்து செய்த உதவி அது. மகளின் பழைய கைப்பிரதிச் சான்றிதழை ஒரு நகல் கடைக்காரர் பல ஆண்டுகளுக்கு முன் கேட்காமலேயே லேமினேட் செய்து வைத்திருந்தார். அதன் மேல் எந்த முத்திரையும் ஒட்டாது என்பதால் புதிதாக இறக்கிய படியைத்தான் வைக்க முடிந்தது. தயவுசெய்து எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள்.

இவ்வளவையும் கொண்டுபோனபோதும் அதே மேசை, அதே முகம், “மேலே கேக்கணும்” என்ற அதே பதில். இந்த முறை நான் மேசையில் எதையும் கொடுக்கவில்லை. மனுவின் முதல் வரியிலேயே சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, தபால் பிரிவில் கொடுத்து, என்னிடமிருந்த படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். பிறகு மேசைக்கு வந்து, முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் சார் என்று பணிவாகக் கேட்டேன். எழுத்தில் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நான் மறக்கமாட்டேன். கோப்பு சுகாதார அலுவலரிடம் போனது. அவர் இரண்டே கேள்விகள் கேட்டுக் கையெழுத்திட்டார். தாயின் பெயருக்கு எதிரே ஓரத்தில் நீல மையில் மரிய கொறற்றி என்று வல்லின றகரங்கள் பிசகாமல் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தபோது, அந்த அலுவலகத்தின் படிக்கட்டிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு தூதரகத்தில் மனுவைக் கொடுத்தது ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. கால தாமதத்துக்கான காரணக் கடிதத்தை மட்டும் அலட்சியமாக எழுதிவிடாதீர்கள். அமைச்சரின் அனுமதி அதை வைத்துத்தான் வருகிறது என்பதால், எந்த ஆண்டு வந்தோம், எந்த முகாமில் இருந்தோம், பத்திரங்கள் எப்போது கிடைத்தன என்பதை வரிசையாக, தேதிகளோடு எழுத வேண்டும். அறியாமையால் தாமதம் என்று ஒற்றை வரியில் முடித்தவர்களிடம் திரும்ப விளக்கம் கேட்டிருக்கிறார்கள். போகும் நாள் இரு நாட்டு அரசு விடுமுறைகளில் எதிலும் விழவில்லையா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

காத்திருந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. பிரஜைகளின் பிறப்பைப் பதிவது, பத்திரங்களைச் சான்றுபடுத்துவது ஆகியவை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை துணைத் தூதரகங்களுக்கு வகுத்த பணிகளுள் அடங்கும். இலங்கையும் 1981இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் அந்த நாட்டின் வெளிநாட்டு அக்கறை முழுவதும் வளைகுடாவை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொடங்கப்பட்டது. வளைகுடாத் தூதரகங்களில் தொழிலாளர் நலனுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் டாலர் அனுப்புகிறார்கள், முகாமில் இருக்கும் நாங்கள் எதையும் அனுப்புவதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடனில் இருக்கும் சிறிய நாடு பணம் வரும் பக்கம்தான் பார்க்கும். ஆகவே இங்கே கிடைக்கும் உதவி, நாம் போய்க் கேட்கும் அளவுக்குத்தான் கிடைக்கும்.

எங்கள் வரிசையில் இருக்கும் மலையகத்து அக்கா ஒருவருக்கு நிலைமை வேறு. மலையகத் தமிழரை இரு நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்த 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எந்தப் பட்டியலிலும் சேராத குடும்பம் அவருடையது. 2003இல் இந்திய வம்சாவளியினருக்கு இலங்கை கொண்டுவந்த சட்டம் 1964 முதல் அந்த நாட்டிலேயே தொடர்ந்து வசித்தவர்களுக்கு என்று இருந்ததால், முகாமில் இருந்தவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2009இல் வந்த திருத்தம்தான் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அவரைப் போன்றவர்கள் என்னுடைய வழியைப் பின்பற்ற வேண்டாம். முதலில் பெற்றோரின் நிலையை அந்தத் திருத்தத்தின் கீழ் உறுதிசெய்துகொண்ட பிறகே பிள்ளைக்கு மனுப் போட வேண்டும்.

இனி மகளுக்குக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதன் பின் இங்கிருந்து வெளியேறும் அனுமதிக்குக் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு தரும் தடையின்மைச் சான்றும் வேண்டியிருக்கும். அதற்கான தாள்களை இப்போதே சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஓராண்டு நிறையாத கைக்குழந்தை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே சான்றிதழை இறக்கித் தாயின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் உறுதிமொழியின் மாதிரிப் படி என்னிடம் இருக்கிறது, முகாமில் யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.