துண்டு வெட்டிய பிறகு வரும் மாதங்கள்

நகரத்து நோயாளிக்கும் கிராமத்து நோயாளிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பேசும்போது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், டொக்டர் இருக்கிறாரா, மருந்து கிடைக்கிறதா என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அந்தக் கேள்விகளுக்கு இலங்கையிடம் ஓரளவு நல்ல பதில்களே உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று ஒன்பது மாகாணங்களிலும் ஓடுகிறது. உயிரைக் காப்பாற்றுவதில் இருந்த இடைவெளி இவ்வாறு குறைந்து வருகிறது. ஆனால் துண்டு வெட்டி, அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்து, வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் மாதங்களில்தான் நகரமும் கிராமமும் தோட்டமும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன. ஒருவர் எழுந்து நடப்பாரா, படுத்த படுக்கையாகவே கிடப்பாரா என்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் முடிவாகிறது.

எங்கள் குடும்பத்தில் வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவுக்கும், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மாமாவுக்கும் சில ஆண்டு இடைவெளியில் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தது. இருவரையும் அரச ஆஸ்பத்திரிகளே காப்பாற்றின. அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். பெரியம்மா கிளினிக்குக்கு ஓட்டோவில் போய்வந்தார். இடைப்பட்ட நாட்களில் பிசியோதெரபி செய்பவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே குசினிக்குப் போகிறார்.

மாமாவுக்கும் பயிற்சிக்கு வரும்படி கிளினிக் கொப்பியில் திகதி எழுதித்தான் கொடுத்தார்கள். ஆனால் அவர் இருக்கும் லயனிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, தார் வீதிக்குப் படிகளில் அவரைத் தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். வாகனத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். கூடப் போகும் மாமிக்கு அன்றைய பேர் விழாது, கூலி கிடைக்காது. கொஞ்ச நாளில் போவது நின்றுவிட்டது. நான் பார்க்கப் போனபோது அவருடைய வலக்கை விரல்கள் இறுக மடங்கியிருந்தன. உள்ளே வளர்ந்த நகங்கள் உள்ளங்கையைக் கீறிப் புண்ணாக்கியிருந்தன. அந்தக் கைக்குள் ஒரு துணிச் சுருளை வைத்து, நாளுக்குச் சில தடவை விரல்களை மெல்ல விரித்துவிட்டிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. தோளிலும் தாங்க முடியாத வலி. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு விலகிவிடும் என்பதை வீட்டாருக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்கவில்லை. சிங்களத்தில் சொல்லியிருக்கக்கூடும்; மாமிக்குச் சிங்களம் விளங்காது. அன்போடு தூக்கிய கைகளே அவருக்கு வலியைக் கொடுத்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இந்த வேறுபாடு புள்ளிவிவரங்களில் எளிதில் தெரிவதில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதாவதொன்றில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். அதே மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 18.2 சதவீதத்தினர் நகரத்திலும், 77.4 சதவீதத்தினர் கிராமத்திலும், 4.4 சதவீதத்தினர் பெருந்தோட்டத்திலும் வாழ்ந்தார்கள். மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வருவது மட்டுமே இங்கு நகரம். பெருந்தோட்டங்களைத் தவிர, பிரதேச சபைக்கு உட்பட்டதெல்லாம் கிராமக் கணக்கில் சேரும். ஆகவே கொழும்பு மாவட்டத்து ஹோமாகமவும், ஏ-9 வீதியிலுள்ள கிளிநொச்சியும், யானை வேலிக்கு அருகிலுள்ள ஒரு குக்கிராமமும் அதில் ஒரே பெட்டிக்குள் விழுந்தன. அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டை எங்கே நியமிப்பது என்று முடிவெடுக்க முடியாது.

கொழும்பில் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன; 2011இல் உயர் நீதிமன்றமும் அவற்றை வலியுறுத்திக் கட்டளையிட்டது. இருந்தும், எங்கள் பகுதியிலுள்ள பல தொடர்மாடிகளில் லிப்ட் இருக்கும், அந்த லிப்டை அடைவதற்கு முன் மூன்று படிகளும் இருக்கும். குறைந்த வருமானக் குடும்பங்களைக் குடியேற்றிய உயர்ந்த மாடிகளில் லிப்ட் பழுதானால், பத்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார். அவருக்குத் தேசிய வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் இருந்தும் பயனில்லை. எனினும் லிப்டைத் திருத்திய மறுநாளே அவர் கிளினிக்குக்குப் போய்விடலாம். லயனில் இருப்பவருக்கு அப்படித் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை.

வன்னியில் இது இன்னொரு உருவம் எடுக்கிறது. போரில் காலை இழந்தவர்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அணியும் ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடப்பதற்கும் குந்தியிருப்பதற்கும் வயலில் இறங்குவதற்கும் ஏற்றவாறு இந்தியாவில் உருவாக்கப்பட்டது. கிராமத்து வாழ்க்கையை அறிந்தவர்கள் செய்த கால் அது. ஆனால் வெட்டிய காலின் மிச்சம் நாளடைவில் மெலியும், வளரும் பிள்ளைக்கோ நீளும். அப்போதெல்லாம் அந்த மிச்சக் கால் பொருந்தும் கிண்ணத்தை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் பட்டறை இருப்பது நகரத்தில். 1987இலிருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் செய்த தொண்டு மிகப் பெரியது. ஆயினும் முல்லைத்தீவின் உட்கிராமமொன்றிலிருந்து அங்கே போய்வர ஒரு முழு நாள் கழியும். ஆகவே பொருந்தாத காலை மூலையில் சாத்திவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக் கால் பெற்றவர்களின் பட்டியலில் அவர்கள் பெயர் அப்படியே இருக்கும்.

கட்டடம் கட்டுவதால் மட்டும் இது தீராது என்றே நினைக்கிறேன். இந்நாட்டில் பிரசவ மரணங்கள் குறைந்ததற்கு, பெரிய ஆஸ்பத்திரிகளோடு, வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் காரணம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் அடிப்படையே, நோயாளி வரும்வரை காத்திராமல் சேவை அவரிடம் போவதுதான். கர்ப்பிணித் தாய்க்கு அப்படி ஒருவர் வருகிறார். பிறந்த குழந்தையின் நிறையைப் பார்க்கவும் வருகிறார். பாரிசவாதம் வந்த மனிதருக்கும், முள்ளந்தண்டு முறிந்த இளைஞருக்கும் ஏன் வரக் கூடாது? படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது, மடங்கும் கையை விரிப்பது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது ஆகியவற்றை வீட்டாருக்குக் கற்பிக்கச் சில வாரப் பயிற்சி பெற்ற ஒருவர் போதும்.

மாமாவின் தோட்டத்திலிருந்து, கோயில் பரிபாலன சபையின் பேரில் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் கிழமைக்கு ஒரு நாளாவது பிசியோதெரபி கிளினிக் நடத்த வேண்டும். பயிற்சிகளைப் படங்களோடு தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவரையாவது இந்த வேலைக்குப் பழக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இரு பெண்கள் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் விரல்களை விரித்துவிடும் முறையை அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே கற்றுக்கொண்டு, பின்னேரங்களில் வந்து செய்துவிடுகிறாள். உள்ளங்கைப் புண் காய்ந்துவிட்டது.