ஊருக்குள் போகாத பஸ்

தருமபுரிக்குப் பயணம் என்றால் ஒகேனக்கல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பரிசலும் மீன் வறுவலும் எங்கும் ஓடிவிடாது என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, இந்த முறை நான் தெருக்களைப் பார்க்கப் போனேன். தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரியில் இறங்கி நடந்து, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி வரைக்கும் பஸ்ஸும் கால்நடையுமாகப் போவது என்று திட்டம். "தெருவில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒருவர் அடுத்த இருநூறு அடியை எப்படிக் கடக்கிறார் என்று பார்த்தால், அந்த ஊர் யாருக்காகத் திட்டமிடப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

சேலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தொப்பூர் ஏற்றம். பஸ் முனகிக்கொண்டே ஏறிவிடும். கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கத்தை. வடக்கிலிருந்து சரக்கேற்றி வரும் லாரிகள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இந்தச் சரிவில்தான் சேலத்தை நோக்கி இறங்குகின்றன. டீசல் மிச்சமாகும் என்று சில ஓட்டுநர்கள் நியூட்ரலில் விட்டுவிடுவது உண்டு. கியரில் இருக்கும்வரை எஞ்சினும் வண்டியைப் பிடித்து இழுக்கும். கியர் விடுபட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மிதித்துக்கொண்டே வர வர பிரேக் சூடேறி, பிடிமானம் குறைந்து, கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. தொப்பூர் இரட்டைப் பாலம் என்ற பெயர் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு மனப்பாடமானது இப்படித்தான். இங்கே உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. கோடிகளைக் கொட்டிக் கட்டுவதில் எனக்குப் பொதுவாக நம்பிக்கை குறைவு. ஆனால் இங்கே சரிவுதான் சிக்கல், அதை எச்சரிக்கைப் பலகை வைத்துத் தீர்க்க முடியாது.

கணவாய் விபத்துகள் தலைப்புச் செய்தியாவதால் ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. சாலைச் சாவு என்றாலே நெடுஞ்சாலை, லாரி, பிரேக் என்று நினைத்துக்கொள்கிறோம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலத்துக்குத்தான் முதலிடம். நாட்டில் இறந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், இருபது பேர் நடந்து போனவர்கள். சாலை யாருக்காக அகலமாகிறதோ அவர்கள் இந்தப் பட்டியலில் சிறுபான்மை.

தருமபுரி பஸ் நிலையம் ஊரின் நடுவில் இருக்கிறது. நெரிசல், புகை, ஹாரன் என்று குறை சொல்ல நிறையவே உண்டு. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. பென்னாகரத்திலிருந்தோ பாப்பாரப்பட்டியிலிருந்தோ வருகிறவர் இறங்கிய கையோடு துணிக்கடை, மருந்துக்கடை, வங்கி என்று நடந்தே போய்விடலாம். ஆட்டோவுக்குத் தனியாக எடுத்துவைக்க வேண்டாம். நெரிசலைக் குறைக்கிறோம் என்று பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஐம்பது பேரை ஏற்றி வரும் பஸ் அடைக்கிற இடத்தில் மூன்று கார் நிற்கும். அந்த மூன்றிலும் பெரும்பாலும் ஆளுக்கொருவர்தான். பஸ்ஸை வெளியே தள்ளிவிட்டு அந்தக் காருக்கு இடம் கொடுத்துவிட்டு நெரிசல் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? சென்னையில் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தபோது அதற்கென்று ஒரு ரயில் நிலையம் கிடையாது. சென்னையாவது பெரிய ஊர், வேறு வழியில்லை என்று வாதாடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு நகராட்சிகளும் 2011 கணக்கெடுப்பில் லட்சம் பேரைத் தொடவில்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு சைக்கிள் மிதித்தாலே போய்விடக்கூடிய ஊர்கள்.

நான்கு ரோடு சந்திப்பு வரைக்கும் நடந்தேன். நடைபாதை என்று இருப்பது பெரும்பாலும் சாக்கடையை மூடிய பலகைக்கல். ஓரிடத்தில் அது கணுக்காலளவு, அடுத்த கடை வாசலில் முழங்காலுக்குப் பக்கம். நடுவே ஒரு கல் இல்லை. அதற்கப்பால் மின்மாற்றி, அதற்கப்பால் வரிசையாக பைக்குகள். ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு நானும் எல்லோரையும் போல தார்ச்சாலைக்கே வந்துவிட்டேன். சாலைகளுக்குத் தர விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறை, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த 15 சென்டிமீட்டருக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் போனால் மூட்டு வலிக்காரர் ஏறமாட்டார். ஏறாத நடைபாதையில் பைக் நிற்கும். பைக் நின்றால் ஏறக்கூடியவரும் சாலையில்தான் நடப்பார்.

தெருவோரக் கடைக்காரர்களை அகற்றினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. இருட்டிய பிறகு ஒரு தெருவில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள் என்றால் அங்கே பூக்கடையும் பணியாரக் கடையும் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பது இடம் வியாபாரிகளுக்கே. கடைக்கு ஒரு கோடு, நடைக்கு ஒரு கோடு என்று பேசி முடிவெடுக்க வழி இருக்கிறது. பேச உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கீரைக்கூடையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மாவோடு சேர்ந்துதான் சந்திப்பைக் கடந்தேன். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். "வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவேன் தம்பி. இப்போது தினமும். மிச்சமாகிற காசில் பேரனுக்கு ஏதாவது வாங்கிப் போகிறேன்" என்றார். பேச்சு முடிவதற்குள் கையை முன்னால் நீட்டி, ஒரு டெம்போவை முறைத்துக்கொண்டே இறங்கிவிட்டார். சாலையில் வெள்ளைக்கோடு தேய்ந்து தேய்ந்து, இருந்த இடம்தான் தெரிகிறது. அதியமானைப் பார்க்க ஔவை வந்த தகடூர் இதுதான். இன்று வந்தால் அவரும் கையை நீட்டித்தான் கடக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறியதும் எனக்கு முன்னால் நின்ற பாட்டியிடம் கண்டக்டர் சொன்னார்: "காவேரிப்பட்டணமா? ஊருக்குள் போகாது பாட்டி. பைபாஸில்தான் இறக்கிவிடுவோம்." பாட்டி தலையாட்டினார். பழகிப்போன தலையாட்டல். நானும் அங்கேயே இறங்குவது என்று முடிவு செய்தேன்.

பைபாஸ் போட்டது ஊருக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முன்பு கடைத்தெரு வழியாகப் போன லாரியெல்லாம் வெளியே போய்விட்டது. ஆனால் லாரியோடு சேர்ந்து பஸ்ஸும் வெளியே போய்விட்டது. ஊருக்குள் நுழைந்து திரும்பினால் நேரமாகும் என்று பஸ்காரர்களுக்குக் கணக்கு. இறங்க வேண்டியவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். நிழற்குடை இல்லை, விளக்கு இல்லை. பஸ் முழுதாகக்கூட நிற்கவில்லை. பாட்டி இறங்கினார், அவருடைய பை இறங்கியது, நான் குதித்தேன்.

ஊர் எதிர்ப்பக்கம். சாலையின் நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு. பாட்டி அதை நோக்கி நேராக நடந்தார். கிட்டே போனபோதுதான் எனக்குத் தெரிந்தது, இரண்டு கம்பிகள் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வளைக்கப்பட்டிருந்தன. மற்ற கம்பிகளில் பெயின்டும் துருவும் இருக்க, இந்த இரண்டு மட்டும் இடுப்பளவு உயரத்தில் வழவழவென்று மின்னின. எத்தனை பேர் கைபட்டால் இரும்பு இப்படித் தேயும்? பாட்டி முதலில் பையை உள்ளே தள்ளினார், பிறகு ஒரு தோளைச் சாய்த்து நுழைந்தார், அந்தப் பக்கம் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பின்னாலேயே ஒரு பையன், அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தரும் இலவச சைக்கிளைத் தூக்கிச் சாய்த்து, ஹாண்டில்பாரைத் திருப்பி, லாகவமாகக் கடத்திக்கொண்டு போனான். சட்டத்தை மீறுகிறார்கள் என்று இதை எழுதிவிடலாம். மக்கள் எங்கே கடக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆய்வு அறிக்கை எந்தப் பொறியாளருக்கும் கிடைக்காது என்றும் எழுதலாம். கம்பி வளைந்திருக்கிற இடத்தில்தான் சுரங்கப்பாதையோ, வேகத்தைக் குறைத்து வெளிச்சம் போட்ட கடவையோ வர வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி, சுற்றிக்கொண்டு போகும்படி வைத்தால் பாட்டி போகமாட்டார்.

வேகத்தைக் குறைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து, பிரேக்கில் காலை வைக்க அந்த ஒரு நொடி போகும். அதன்பின் நிற்க ஐந்து மீட்டர் என்றால் மொத்தம் பதின்மூன்று. வேகம் 60 ஆனால் அந்த ஒரு நொடிக்கே பதினாறு மீட்டருக்கு மேல். பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. மொத்தம் முப்பத்தாறு மீட்டருக்கு மேல் வேண்டும். முப்பதில் தப்பித்துவிடும் பாட்டி, அறுபதில் கார் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அடிபடுவார். சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காவேரிப்பட்டணத்துக் கடைத்தெரு நடப்பதற்கு நல்ல தெரு. லாரி இல்லாததால் அவரவர் பேசிக்கொண்டே போகிறார்கள். நிப்பட் என்கிற தட்டை ஒரு பொட்டலம் வாங்கினேன். அடுத்த டவுன் பஸ் வருவதற்குள் பொட்டலம் பாதி காலி.

கிருஷ்ணகிரிக்குப் பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எல்லாத் திசையிலிருந்தும் சாலை வந்து சேர்கிறது. மாங்காய்க் காலத்தில் இவற்றோடு மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும். இத்தனை சாலை உள்ள மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பஞ்சக் காலத்தில் உதவட்டும் என்று 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடிக் குறும்பாதை போட்டார்கள். 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டையும் மூடிவிட்டார்கள். மொரப்பூர் பாதைக்கு 2019இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து ரோடு ரவுண்டானா அருகே ஒரு டீக்கடையில் வெகுநேரம் நின்றேன். ரவுண்டானா நல்ல ஏற்பாடு. நான்கு சாலை நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32 என்றும், ஒரு தட ரவுண்டானாவில் அவை 8 ஆகக் குறைகின்றன என்றும் பொறியியல் பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் நுழைகிற வண்டி வேகம் குறைத்து, உள்ளே சுற்றுகிறவருக்கு வழிவிட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். கோட்டை மலை நிழலில் நான் பார்த்தவரை யாரும் யாருக்கும் வழிவிடவில்லை, ஹாரன் அடித்தவருக்கு வழி கிடைத்தது. ஓசையே இல்லாமல் மின்சார ஸ்கூட்டர்களும் நுழைந்து போயின. நாட்டின் பெரிய மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளில் சில இந்த மாவட்டத்தில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இருக்கின்றன. புகை குறையும், மகிழ்ச்சி. இடம் குறையாது. மின்சார வண்டி மோதினாலும் எலும்பு முறியும்.

"இந்த வெள்ளைக்கோட்டை யார் போட வேண்டும் அண்ணா?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். சிரித்தார். சாலைக்கு ஒரு துறை, சாக்கடைக்கு ஒரு துறை, மின்கம்பத்துக்கு வேறு, சிக்னலுக்கு வேறு, பஸ்ஸுக்கு வேறு. ஆட்சியர் தலைமையில் இவர்களை உட்கார வைக்க மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையைத் தரமில்லாமல் வடிவமைத்தோ பராமரித்தோ ஒருவர் இறந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பள்ளம் பற்றிப் புகார் எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவின் எண்ணையும் சேர்த்து எழுதலாம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே "ஊருக்குள் போகுமா?" என்று கேட்டுவிடுங்கள், டிக்கெட் வாங்கியபின் கேட்டுப் பயனில்லை. தருமபுரியிலிருந்து டவுன் பஸ்களில் மாறி மாறிப் போனால் நேரம் கூடுதலாகும், ஆனால் காரிமங்கலத்திலும் காவேரிப்பட்டணத்திலும் கடைவீதியிலேயே இறங்கலாம். வெயில் காலத்தில் குடை வேண்டும். நிழற்குடையை நம்பிப் போகாதீர்கள்.