அறிவியல் நகரில் ஒரு பகல்

கிளிநொச்சியில் பஸ் ஏறி, "கம்பஸடியில இறக்கிவிடுங்கோ" என்றால் போதும். ஏ9 வீதியில் தெற்கே, முறிகண்டிக்குப் போகும் வழியில் அறிவியல் நகர் வந்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இங்கேதான் இருக்கின்றன.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மலைச்சாரலையும் பழைய கல்வேலைப்பாட்டையும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் முதலில் வெறுமையாகத் தெரியலாம். விரிந்த வெளி, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மாடிக் கட்டடங்கள், நடுவே வெயில். கட்டடங்களுக்கு வயது குறைவு. ஆனால் இந்த இடத்தின் கதைக்கு வயது அப்படிக் குறைவில்லை.

விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது. போர் அதை யாழ்ப்பாணத்துக்குத் துரத்தியது. போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து இங்கே காலூன்றியது. பொறியியல் பீடம் 2014இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இந்தப் பீடங்களின் கட்டடங்களுக்கு இந்திய அரசின் உதவியும் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விவசாயம் படிப்பவனுக்கு வயல் பக்கத்தில் இருக்க வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளமும், அதை நம்பிய நெல்வயல்களும் இங்கேதான் இருக்கின்றன. மழை பிந்தினால் என்ன ஆகும் என்று இங்குள்ள கமக்காரர் சொல்வதை எந்த விரிவுரை மண்டபத்தில் கேட்பது?

கட்டடக்கலையில் எனக்கு ஒரு குறை உண்டு. வன்னியின் பழைய வீடுகளில் திண்ணையும் தாழ்ந்த கூரையும் சூட்டை வாசலிலேயே நிறுத்திவிடும். புதிய சீமெந்துச் சுவர்கள் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. கட்டடத்துக்குக் கட்டடம் நடக்கும் பாதைகளில் பாலையும் வேம்பும் வரிசையாக வளர்ந்துவிட்டால் பாதி வெக்கை தீரும். நட்டவை வளரட்டும்.

ஊரின் உயிர் வாசலுக்கு வெளியே இருக்கிறது. போட்டோகொப்பிக் கடை, கொத்துரொட்டிக் கடை, பிளேன் டீயை வைத்துக்கொண்டு கணக்குப் போடும் பிள்ளைகள். தமிழும் சிங்களமும் ஒரே மேசையில் கேட்கின்றன. தெற்கிலிருந்து வந்த ஒரு மாணவன் கடைக்கார அம்மாவிடம் "அம்மா, இன்னும் கொஞ்சம் சம்பல்" என்று தமிழிலேயே கேட்டான். அவர் கேட்டதைவிடக் கூடவே வைத்தார்.

பிறகு அவரோடு பேச்சுக் கொடுத்தேன். வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"லீவு விட்டா ஊரே வெறிச்சோடிப் போயிடும் தம்பி. காலமை பாண் மிஞ்சும்."

"அப்ப வியாபாரம்?"

"திரும்பி வருவினம்தானே. அதுக்குள்ள மூண்டாவது அறைக்கு ஓடு போட வேணும்."


முற்றத்தில் அதற்கான கல்லும் மணலும் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன.