சமதளம் இல்லாத ஊரில் முழங்கால் வலி

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு சைக்கிள் மிதித்தால் அருவங்காடு வரை ஒன்றும் தெரியாது. எல்லநள்ளி ஏற்றம் வந்ததும் வலது முழங்கால் சில்லுக்குப் பின்னால் குடைய ஆரம்பிக்கும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இருபது கிலோமீட்டருக்குள் அவ்வளவையும் மிதித்தே ஏற வேண்டும். அதைவிடக் கொடுமை, திரும்பி வந்து வீட்டுப் படி இறங்குவது. குன்னூரில் வாடகை வீடு என்றாலே ரோட்டுக்குக் கீழே நாற்பது ஐம்பது படி இருக்கும். ஏறும்போது சும்மா இருக்கும் கால் இறங்கும்போது கத்தும்.

அம்மா நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டார். நண்பர்கள், "ஜவ்வு தேஞ்சிருக்கும்டா, ஸ்கேன் எடுத்துரு" என்றார்கள். பிசியோதெரபி மேடம் கேட்டது வேறு: "கீழ விழுந்தீங்களா? வீக்கம் இருக்கா? கால் பூட்டிக்குதா, திடீர்னு மடிஞ்சு போகுதா?" எதற்கும் இல்லை என்றேன். "அப்ப இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம் சார். இதுல ஒண்ணு இருந்திருந்தாலும் எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன்."

கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொன்னார். முழங்கால் நேராக மடங்காமல் உள்பக்கம் சாய்ந்தது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருந்தால் தொடை எலும்பு உள்ளே திரும்பும், சில்லு ஒரு பக்கமாக அழுந்தும் என்று விளக்கினார். வலி முழங்காலில், வேலை இடுப்பில். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் சில்லைச் சுற்றி வரும் இந்த வகை வலிக்கு இடுப்புக்கும் முழங்காலுக்கும் சேர்த்துப் பயிற்சி தருவதுதான் இன்று பரவலான முறை.

பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, முழங்காலில் ரப்பர் பட்டை மாட்டி சிப்பி திறப்பதுபோல் விரிப்பது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, சுவரில் சாய்ந்து அரை உட்கார்தல். கடைசியாக, எந்தப் படி என்னைப் படுத்தியதோ அதிலேயே ஒரு காலை மெதுவாக இறக்கும் பயிற்சி. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலை அது தணிந்திருக்க வேண்டும், தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது கணக்கு.

அடுத்த முறை சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னார். சீட்டில் உட்கார்ந்தபடியே காலைத் தரையில் ஊன்ற வசதியாக சீட்டை இறக்கி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். கடைக்காரர் என் சீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தார். சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் வரும்படி கோணம் அளந்து உயர்த்தினார். வீட்டில் தோராயமாகப் பார்க்க, பெடலில் குதிகாலை வைத்து மிதித்தால் அடியில் கால் நேராக நீள வேண்டும். அதற்கு மேலும் உயர்த்தினால் முழங்காலுக்குப் பின்புறம் இழுக்குமாம்.

ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்க, பின்சக்கரத்தில் 28 பல்லுக்குப் பதில் 34 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு) போட்டேன். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டிரெயிலியரையும் மாற்ற வேண்டியதாயிற்று, பர்ஸ் மெலிந்தது. ஆனால் கனமான கியரில் நிமிடத்துக்கு ஐம்பது சுற்று அழுத்தி மிதித்த ஏற்றத்தில் இப்போது எழுபதுக்கு மேல் சுற்ற முடிகிறது. முழங்காலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது.

"கொஞ்ச நாள் சமதளத்துல மட்டும் ஓட்டுங்க" என்றார் மேடம். நீலகிரியில் சமதளத்துக்கு எங்கே போவது? அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே சைக்கிளை மாட்டி மிதிக்கும் டிரெயினர் ஸ்டாண்ட் இரவல் வாங்கினேன். எங்கள் தரைதான் கீழ்வீட்டுக்குக் கூரை, சத்தத்துக்கு உடனே புகார் வந்தது. கடைசியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் போகும் பக்கத்து வீட்டு அண்ணனின் பிக்கப்பில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். சிறுமுகை ரோட்டில் விடியலில் ஓட்டிவிட்டு பத்து மணிக்குள் அதே வண்டியில் மேலே.

நடுவில் இன்னொன்று. நீண்ட இறக்கங்களில் பிரேக் பிடித்தே வருவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதி வழியாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவதுதான் காரணம். என் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததால் உடல் எடை கைக்கு வந்திருக்கிறது. அதை மட்டமாக்கி, பஞ்சு வைத்த கையுறை போட்டு, அடிக்கடி கைப்பிடியை மாற்றியதில் சரியாயிற்று. மரப்பு தங்கிவிட்டாலோ பிடி தளர்ந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார் மேடம்.

இப்போது ஊட்டி வரை வலியில்லாமல் போகிறேன். குளிர் காலையில் மட்டும் முதல் சில கிலோமீட்டருக்கு லேசான கியரில் கால் சூடேறும்வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. படிப் பயிற்சியை வாரம் இரண்டு முறை தொடரச் சொல்லியிருக்கிறார், தொடர்கிறேன்.