டெனரை எண்ணு, மறுகா தாளை எடு

எங்கள் பள்ளிப் பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் காலமான செய்தி பங்குனி முடிவில் வந்தது. அவரைப் பற்றி ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது கண்ணுக்குள் வந்து நின்றது அந்தச் சீ.ஆர். கொப்பிதான். நீல மட்டை, முதுகில் சிவப்புத் துணி, எந்நேரமும் ஆர்மோனியத்தின் மேல் கிடக்கும். பாட்டுத்தாள் அலுமாரியின் திறப்பை அவர் அந்தக் கொப்பிக்குள்தான் வைத்திருந்தார். கொப்பியைத் திறக்காமல் அலுமாரியைத் திறக்க அவராலும் முடியாது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இன்று ஏதாவதொரு பாடகர் குழுவுக்குப் பாட்டுத் தெரிவு செய்துகொண்டிருக்கும் நம்மவர்களுக்கு, திறப்பு ஏன் அங்கே இருந்தது என்பது இப்போது நன்றாகவே விளங்கும்.

கொப்பியில் இருந்தவை குரல்கள். தை மாதம் இரண்டாம் கிழமை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பியானோவின் நடுவிலுள்ள சி சுரமான நடு சியிலிருந்து மேலும் கீழும் பாடவைத்து மூன்று விடயம் எழுதுவார்: தொடக்கூடிய கீழ்ச் சுரம், தொடக்கூடிய மேல் சுரம், களைக்காமல் ஒரு முழுப் பாட்டுக்கும் நிற்கக்கூடிய இடம். மூன்றாவதற்குத்தான் சிவப்பு மை. குழு நடத்துவோர் பலர் உச்சச் சுரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். பாட்டில் மேல் ஜியை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்குவது பெரிய காரியமில்லை. மேல் ஈயிலேயே இரண்டு பக்கம் குடியிருக்கும் வரிதான் தொண்டையை அறுக்கும். தாளின் முகப்பில் இது எழுதியிருக்காது. வரியை விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிக் குழுவுக்கு அவர் வைத்திருந்த எல்லைகள் இன்றைக்கும் பிழைக்காதவை. உயர்ந்த குரலான சொப்ரானோ நடு சியிலிருந்து மேல் ஜி வரை. அதற்கு அடுத்த அல்ட்டோ நடு சிக்குக் கீழுள்ள ஏயிலிருந்து நடு சிக்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள சி வரை. ஆண்களின் உயர்ந்த குரலான டெனர் நடு சிக்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து நடு சிக்கு மேலுள்ள எஃப் வரை. ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் அதற்கும் கீழான ஜியிலிருந்து நடு சி வரை. அச்சிட்ட பாட்டுகளில் பேஸ் எஃப், ஈ என்று இன்னும் இறங்கும். பதினேழு வயதுப் பையனிடம் அந்தச் சுரம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கோயிலின் கடைசி வாங்குக்குக் கேட்காது.

குரல் உடையும் பிள்ளைகளுக்குத் தனிப் பக்கம். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பையனிடம் நடு சியைச் சுற்றி ஐந்தாறு சுரம் மட்டும் மிஞ்சுகிற காலம் உண்டு. பல பள்ளிகளில் அந்தக் காலத்தில் பையனை நிறுத்திவிடுவார்கள், அவனும் திரும்பி வரமாட்டான். மாஸ்டர் யாரையும் நிறுத்தியதில்லை. கிழமைக்கொருமுறை மறுபடி குரல் பார்த்து, அந்த ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும்படி நடு வரி ஒன்றைத் தானே எழுதிக் கொடுப்பார். மூன்று வரிப் பாட்டுகளும் உதவும்: சொப்ரானோ, அல்ட்டோ, ஆண்களுக்கெல்லாம் ஒரே வரி. அதிலும் ஒரு கவனம் வேண்டும். அந்த ஒற்றை ஆண் வரி பேஸுக்கு உயரமாகவும் டெனருக்குத் தாழ்வாகவும் போய்விடும். நடு சிக்கு மேலுள்ள டீயைத் தாண்டாத, அதற்குக் கீழே பத்துச் சுரத்துக்கு மேல் இறங்காத வரியாகத் தேட வேண்டும்.

தாள் பங்கிடும் நாளை அவர் ‘சட்டம் கொடுக்கிற நாள்’ என்றுதான் சொல்வார். கூத்துப் பழக்கி, அவரவர் பாத்திரத்துக்கான சட்டத்தைக் கொடுக்கும் அண்ணாவியார் ஆளையும் குரலையும் பார்த்தல்லவா ஏட்டைக் கையில் தருவார்! அதே கண்தான் மாஸ்டருக்கும். “முதல்ல டெனரை எண்ணு மனே, மறுகா தாளை எடு” என்பது அந்த நாளின் வாசகம்; மறுகா என்றால் பிறகு.

ஏன் டெனர் என்றால், எந்தக் குழுவிலும் குறைவாகக் கிடைப்பது அதுதான். நாற்பது பேர் சேர்ந்தால் சொப்ரானோ 14, அல்ட்டோ 10, டெனர் 6, பேஸ் 10 என்று அமையும். பாட்டில் டெனர் வரி ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தால் பக்கத்துக்கு மூவர். ஒருவருக்குத் தடிமன் வந்தால் இருவர். இருவர் ஒரே சுரத்தைப் பாடும்போது சுருதியில் சிறிது விலகினாலும் வெளியே தெரியும். மூவராக இருந்தால் குரல்கள் கலந்து மூடிக்கொள்ளும். ஆகவே ஆறு டெனருக்குக் குறைந்தால் டெனர் பிரியும் பாட்டை எடுப்பதில்லை. அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

தாளை அவர் முதற் பக்கத்திலிருந்து வாசிக்க மாட்டார். எந்த வரி எங்கே பிரிகிறது என்று பார்ப்பார். டெனரின் உயரமான பக்கத்துக்குப் போவார். பிறகு ஒவ்வொரு குரலும் ஓய்வுக்குப் பின் நுழையும் இடங்கள். நுழைகிறவர் தன் முதற் சுரத்தை யாரிடமிருந்து எடுப்பார்? முந்திய பாரில், அதாவது முந்திய தாளக் கட்டத்தில், வேறொரு குரலோ ஓர்கனோ அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு இரண்டையும் கோட்டால் இணைப்பார். வட்டம் போட இடமில்லாத நுழைவு மூன்றுக்கு மேல் இருந்தால் தாள் திரும்ப அலுமாரிக்குப் போகும், ஏனென்றால் ஒத்திகை நேரத்தை விழுங்குவது அந்த இடங்கள்தான். பிறகு வாத்தியப் பகுதி பாடுகிற வரிகளைத் தாங்குகிறதா, தனி வழியில் போகிறதா என்று பார்ப்பார். சில தாள்களில் பியானோ வரி ஒத்திகைக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, விழாவில் துணையில்லாமல் நிற்க வேண்டிவரும்.

ஹாண்டல் 1741இல் எழுதிய ‘மெசையா’வின் அல்லேலூயாவைப் பெற்றோர் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். அதில் சொப்ரானோ ‘அரசர்க்கரசர்’ என்ற சொல்லை நீட்டிப் பிடித்து, படிபடியாக மேல் ஜி வரை ஏற வேண்டும். அந்த ஏணிக்கு ஆள் இல்லாத வருடங்களில் எவ்வளவு கேட்டும் அவர் எடுக்கவில்லை. மோட்சார்ட் தான் இறந்த 1791ஆம் ஆண்டின் ஜூன் 17 என்று திகதியிட்ட ‘ஆவே வேரும்’ 46 பார் மட்டுமே. எளிய பாட்டு என்று பட்டியல்கள் சொல்லும். மாஸ்டரின் கொப்பியில் அது ‘கடினம்’ என்ற பக்கத்தில் இருந்தது. தொடக்கத்தில் ‘அடங்கிய குரலில்’ என்ற ஒரே குறிப்பு; நீண்ட மூச்சு; டீயில் தொடங்கிய பாட்டு நடுவே எஃப் மேஜர் பக்கம் நகர்கிறது. மெதுவாகவும் மென்மையாகவும் பாடும்போதுதான் சுருதி இறங்கும். தாளில் கறுப்புக் குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சுருதி இறங்குவதற்கு அவர் கைகண்ட மருந்து ஒன்று வைத்திருந்தார். வாத்தியத் துணையில்லாத பாட்டு எஃப்பில், அதாவது நாலு கட்டையில் இருந்தால் குழுக்கள் வழமையாக இறங்கிவிடும். நாலரைக் கட்டைக்கு ஏற்றிப் பாடினால் பெரும்பாலும் நிற்கும். ஐங்கோட்டுத் தாளை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கட்டைக்குரிய ஆறு ஷார்ப் குறி என்றால் பயம் பிடிக்கும். நமக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் நாம் டோ, ரே, மி எழுத்துகளில் பாட்டெழுதும் டோனிக் சொல்ஃபாவில் பாடினோம். நோர்விச்சைச் சேர்ந்த சாரா குளோவர் தொடங்கி, ஜோன் கேர்வன் வளர்த்தெடுத்து, மிஷன் பள்ளிகள் உலகெங்கும் கொண்டுசென்ற முறை அது. டோ எங்கே என்று சொன்னால் போதும். மற்ற எழுத்துகள் மாறுவதில்லை, கட்டை மாறினால் நமது சரிகம மாறாததைப் போல. இன்னொரு பெரிய வசதி, வெறும் எழுத்தும் புள்ளியும் கோடும் என்பதால் சாதாரணத் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டி றோணியோ பிரதிப் பொறியில் எடுக்கலாம். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் அலுமாரி நனைந்து தாள்கள் களியாய்ப் போனபோது, ஒரு மாதத்தில் கரோல் ஆராதனை வைக்க முடிந்தது கொப்பியில் இருந்த சொல்ஃபாவால்தான். அந்த வருடம் இரண்டு குரல் பாட்டுகள் மட்டும். ‘சைலண்ட் நைட்’ 1818இல் ஒபெர்ன்டோர்ஃபில் முதன்முதல் பாடப்பட்டதே இரண்டு குரலுக்கும் ஒரு கிற்றாருக்குமாகத்தான்; நாலு குரல் அமைப்பைக் குறைத்துப் பாடுகிறோம் என்று யாரும் குறைப்பட வேண்டியதில்லை.

தமிழ்ச் சொல்லில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வரி போட்ட தாள் கிடைத்தால், நீண்ட சுரங்களுக்குக் கீழே குறில் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். ‘மனம்’ என்ற சொல்லின் முதலெழுத்து இரண்டு அடிக்கு நீண்டால் சபைக்கு ‘மானம்’ என்று கேட்கும். ‘வனம்’ வானமாகும், ‘விடு’ வீடாகும். அப்படி மூன்று இடம் கண்டால் வரியைத் திருத்துவார், முடியாவிட்டால் பாட்டையே விடுவார். உச்சச் சுரத்தில் ஆகாரமோ ஓகாரமோ இருந்தால் குரல் திறக்கும். இகரமும் உகரமும் அங்கே நெரிக்கும். மகர ஒற்றில் முடியும் சொல் நீண்ட சுரத்தில் வந்தால் உயிரை நீட்டி, கடைசி நொடியில் உதட்டைச் சேர்க்க வேண்டும். எந்த அடியில் சேர்ப்பது என்று எல்லோர் தாளிலும் ஒரே இடத்தில் பென்சில் கோடு இருக்கும். பழைய கீர்த்தனைகளுக்கு நாலு குரல் அமைப்புத் தேடுவதை அவர் விரும்பவில்லை. கமகம் உள்ள வரிக்கு அடியில் பல சுரம் சேர்ந்தொலிக்கும் கோர்ட் வைத்தால் இரண்டும் கெடும். அவற்றை ஒரே குரலில், சுருதிப் பெட்டியோடு பாடினோம்.

நேரக் கணக்கும் கொப்பியில் உண்டு. கரோலுக்கு முன் முக்கால் மணி நேர ஒத்திகை எட்டு என்றால் மொத்தம் ஆறு மணி நேரம். மாரி மழையில் இரண்டு கழியும். ஆகவே புதிய கடினமான பாட்டு ஒன்று, நடுத்தரம் இரண்டு, மற்றதெல்லாம் தெரிந்தவை.

வாத்தியக் குழுவுக்கும் இதே வழிதான். நம்மிடம் இருந்தவர்கள் கர்நாடக வயலின் படித்தவர்கள். ச ப ச ப என்று கட்டிய தந்திகளை ஜி டி ஏ ஈக்கு மாற்றிக் கட்டி, திறந்த தந்தி ஒலிக்கும் டி, ஜி, ஏ மேஜர்களில் மட்டும் பாட்டு எடுப்பார். வயலினைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் வியோலா இல்லை. பள்ளிப் பதிப்புகள் பலவற்றில் அதற்குப் பதிலாக மூன்றாம் வயலின் பகுதி சேர்த்திருப்பார்கள். வாங்குமுன் அது உண்டா என்று பார்க்க வேண்டும். ஒருவர் பகுதியில் பார் எண் இருந்து மற்றவர் பகுதியில் இல்லையென்றால் ஒத்திகை அரைவாசி அதிலேயே போகும்.

இப்போது தாளுக்குப் பஞ்சமில்லை. பாடகர் குழுத் தாள்களுக்கென 1998இல் தொடங்கிய சி.பி.டி.எல். இணையத் தளத்திலும், 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய இசைத்தாள் நூலகத்திலும் உரிமைக் காலம் கடந்த பாட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்வலர்கள் தட்டச்சிட்டவற்றில் பிழை இருக்கும், ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்த பிறகே பிரதி எடுக்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்று மூன்று கட்டைகளில் கிடைக்கும். உங்கள் டெனருக்குப் பொருந்துவதை எடுங்கள். உரிமை இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படியும், பிரித்தானியாவிலும், ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு. மெட்டு பழையதாக இருந்தாலும் ஒத்திசைவு எழுதியவரின் உரிமை தனி. ஆங்கில இசையமைப்பாளர் வோன் வில்லியம்ஸ் 1958இல் இறந்தார், ஆகவே நாட்டார் மெட்டுகளுக்கு அவர் எழுதிய அமைப்புகளுக்கு 2028 முடியும்வரை பிரித்தானியாவில் உரிமை உண்டு.

1983இன் கொப்பியில் டெனர் பக்கத்தில் ஆறு பெயர். 1984க்கும் 1990க்கும் இடையில் அந்த ஆறு பேரும் வெளியேறினோம். காரணம் எல்லோருக்கும் தெரியும். வந்த இடங்களிலும் டெனருக்குப் பஞ்சம்தான். கோயில்கள் எங்களைக் கைநீட்டி எடுத்துக்கொண்டன.

2004 கடல்கோளுக்குப் பிறகு, மட்டக்களப்புக் கடலோரத்துக் கல்லடி, நாவலடிப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய வருடம், நாங்கள் சேர்ந்து நல்ல தாளில் அச்சிட்ட நாலு குரல் பாட்டொன்றின் நாற்பது பிரதிகளை வாங்கி அனுப்பினோம். ஏழாம் பக்கத்தில் டெனர் இரண்டாகப் பிரியும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டரின் பதில் ஒரு பக்கக் கடிதமாக வந்தது. மேலே நன்றி, நடுவில் எல்லோர் சுகமும் விசாரிப்பு. அந்தப் பகுதியை அடுத்த மலரில் அச்சிட்டோம். கடிதத்தின் அடியில் இருந்த ஐந்து வரியை, பள்ளிச் செய்தி என்று நினைத்து விட்டுவிட்டோம். பின்னர் ஊருக்குப் போய்வந்த நண்பர், அந்த நாற்பது பிரதியும் பென்சில் கோடு ஒன்றும் விழாமல் அலுமாரியில் இருப்பதாகச் சொன்னார்.

விட்டுப்போன ஐந்து வரியை இந்த மலரில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சொப்ரானோ 11
அல்ட்டோ 9
குரல் உடையும் பிள்ளைகள் 6
பேஸ் 3
டெனர் 1