வேதபாட வேளையில் யார் பேசுவது?

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில், காலை வழிபாடு முடிந்ததும் வரும் பாடவேளை வேதபாடத்துக்கு உரியது. கால அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குள் சாய்வாக ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் வேதபாடம் என்றும் மறுபக்கம் நீதிபோதனை என்றும் எழுதியிருப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஓர் அறைக்கும் மற்றப் பிள்ளைகள் வேறோர் அறைக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில், தலைமையாசிரியர் பதிவேடுகளோடு உட்கார்ந்துவிட்டால், கோட்டின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். நாங்குநேரிப் பக்கத்திலும் மேலப்பாளையத்துக்கு அருகிலும் அத்தகைய பள்ளிகளில் பணியாற்றிய நான், அந்தக் கலப்பு வகுப்பையே விரும்பத் தொடங்கியதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

இந்த வகுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மானிய மிஷனரியான ரேனியஸ் ஐயர் (எங்கள் வழக்கில் ஐயர் என்றால் போதகர்) 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் ஊர் ஊராக எழுந்த மிஷன் பள்ளிகளில், ஞாயிறு ஆராதனை நடக்கும் கூரைக் கட்டடமே மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக இருந்தது. பல ஊர்களில், சபையைக் கவனிக்கும் உபதேசியாரும் வாத்தியாரும் ஒருவரே. 1854ஆம் ஆண்டு உட் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் வரத் தொடங்கியபோது, மானியம் உலகியல் பாடங்களுக்கே என்றும் மத போதனையில் அரசு தலையிடாது என்றும் கொள்கை வகுக்கப்பட்டது. நம்முடைய அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் எவரையும், அவர் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

சம்மதம் என்பது எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைத்துவிடும் என்பதுதான் சிக்கல். ஜூன் மாதச் சேர்க்கையின்போது கேட்டால், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே தாய்மார்கள், "அதுக்கென்ன டீச்சர், நல்லதத்தான சொல்லிக் குடுப்பிய" என்பார்கள். அந்த நம்பிக்கை பெரிது. ஆனால் அது தகவல் அறிந்து கொடுத்த சம்மதம் ஆகாது. ஆகவே அந்த ஆண்டில் நடத்தப்போகும் கதைகளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய வசனங்களையும் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெரும்பாலோர் அப்போதும் சரி என்றார்கள். சிலர், கதை கேட்கட்டும், வசனம் ஒப்பிக்க வேண்டாம் என்றார்கள். அந்த வேறுபாட்டை அவர்கள் அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்ததைப் பார்த்தபின், வெறும் தலையசைப்பை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டதில்லை.

வகுப்புக்குள் நடந்தவற்றில் ஆபிரகாமின் கதையை முதலில் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஆபிரகாம் விறகை ஈசாக்கின் தோளில் வைத்ததையும், பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்டதையும் சொன்னபோது, மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அது இஸ்மாயில்லா? எங்க வாப்பா அப்படித்தான சொன்னாவ" என்றான். முன் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்பது அவர்களின் முடிவு.

இந்த இடத்தில் ஆசிரியருக்கு இரண்டு வசதியான வழிகள் உண்டு. நம் வேதத்தில் ஈசாக்கு என்றுதான் இருக்கிறது, உட்கார் என்று சொல்லலாம். அல்லது, யாராக இருந்தால் என்ன, கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதுதான் கருத்து என்று சொல்லி மழுப்பலாம். நீதிபோதனை நூல்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் நடப்பவை. அது பெருந்தன்மைபோலத் தோன்றினாலும், அந்தப் பையன் கவனமாகக் கேட்டு வைத்திருந்த ஒன்றைப் பொருட்டில்லாததாக ஆக்கிவிடுகிறது என்பது என் கருத்து. அவன் வீட்டில் பக்ரீத் அன்று குர்பானி கொடுப்பதற்கு அடிப்படையே அந்தக் கதைதான்.

நான் அவனையே முன்னால் அழைத்து முழுக்கதையையும் சொல்லச் சொன்னேன். இபுறாஹீம் நபி கண்ட கனவையும், அதை மகனிடம் சொன்னதையும், மகன் சம்மதித்ததையும், பின்னர் ஆடு கொடுக்கப்பட்டதையும் சொன்னான். அவன் முடித்தபின், யூதர்களும் கிறிஸ்தவர்களும் படிக்கும் வேதத்தில் மகன் ஈசாக்கு என்று எழுதியிருக்கிறது, குர்ஆனின் 37ஆவது அத்தியாயத்தில் இந்த நிகழ்ச்சி வரும் இடத்தில் மகனின் பெயர் குறிக்கப்படவில்லை, ஆனால் முஸ்லிம்கள் பெரும்பாலும் இஸ்மாயில் என்றே கொள்கிறார்கள் என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன். இரண்டிலும் ஒத்தவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஒத்துப்போகாதவற்றையும் கண்டுபிடித்தார்கள். மகனுக்கு முன்கூட்டியே தெரியுமா தெரியாதா என்ற வேறுபாட்டைச் சொன்னது, கணக்கில் எப்போதும் பின்தங்கும் ஒரு சிறுமி. அப்படியானால் எது உண்மை என்று ஒருவன் கேட்டான். நான் கிறிஸ்தவள், என் நம்பிக்கை இந்தப் பத்தியில் இருப்பது, உன் வீட்டில் என்ன நம்புகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டு வா என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பெரியவர்களுக்குத்தான் அது போதுவதில்லை.

அதன்பின் வகுப்பில் ஒரு விதி நிலைத்தது. ஒரு சமயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது யார் வீட்டுச் சமயமோ அந்தப் பிள்ளை முதலில் பேச வேண்டும், ஆசிரியர் பிறகுதான். பேச விருப்பமில்லை என்றால் பேசாமலும் இருக்கலாம்.

இந்த விதி கடுமையாகச் சோதிக்கப்பட்டது ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போய்வந்த ஒரு சிறுவன், சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்குப் போய்வந்த தன் நண்பனைப் பார்த்து, "ஒங்க சாமி பேயில்லா" என்று சொல்லிவிட, இருவரும் கட்டிப் புரண்டார்கள். சொன்னவன் அதை எங்கிருந்து பெற்றான் என்று விசாரிக்க எனக்கு விருப்பமில்லை. இருவரையும் உட்காரவைத்து, கொடையில் நடப்பதை மாடனின் பிள்ளையிடம் கேட்டேன். வில்லுப்பாட்டையும், கணியான் கூத்தையும், நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்குப் போவதையும், ஆச்சி திருநீறு பூசிவிட்டதையும் அவன் விவரித்தபோது வகுப்பே வாய்பிளந்து கேட்டது. பேய் என்று சொன்னவனும் கேட்டான். பிறகு அவன் முறை: தேவாலயத்தின் பொது விருந்தான அசனத்துக்கு முந்தின இரவு ஊரே கூடிக் காய்கறி நறுக்குவதை அவன் சொன்னான். அந்த அசனத்தில் இந்துப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள், ஆனால் கொடைப் படைப்பை அவன் வீட்டில் தொடமாட்டார்கள் என்பதையும் பிள்ளைகளே எடுத்துப் போட்டார்கள். ஏன் என்று ஒருத்தி கேட்டாள். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து சபையிலேயே எழுந்ததையும், பவுல் அந்தச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் பிறருடைய மனச்சாட்சியை எண்ணி நடக்கச் சொல்வதையும் சொன்னேன். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு வீடுகளில் எவரும் அப்படி நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பேய் என்ற சொல் மட்டும் இந்த அறைக்குள் இன்னொருவர் சாமியைப் பற்றி வரக்கூடாது என்றேன்.

சாமியே கும்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தொழிற்சங்கக்காரரான ஒரு தகப்பனாரின் மகள், தன் முறை வந்தபோது, "எங்க வீட்ல ஒண்ணும் கெடையாது டீச்சர்" என்று தலைகுனிந்தாள். ஒன்றும் இல்லை என்பது சரியல்ல. உங்கள் அப்பா எதற்காக அலைகிறார், எதைச் செய்யமாட்டேன் என்கிறார் என்று கேட்டு வா என்று அனுப்பினேன். அவள் கொண்டுவந்த பதில்களில் வட்டிக்கு விடமாட்டார் என்பதும், தாலி இல்லாமல் திருமணம் செய்தார் என்பதும் இருந்தன. இங்கிலாந்தில் 2018இல் வெளியான ஓர் ஆணைய அறிக்கை, அங்குள்ள சமயக் கல்விப் பாடத்தின் பெயரையே 'சமயமும் உலகநோக்குகளும்' என்று மாற்றும்படி பரிந்துரைத்தது. சமயம் சாராத நோக்குகளும் படிக்கப்பட வேண்டும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. அங்கே 1944 முதல் சட்டப்படி இருக்கும் பாடத்தை அவர்கள் சீர்திருத்திக்கொள்கிறார்கள். நமக்கு அப்படிப்பட்ட பொதுப் பாடமே இல்லை, ஆனால் அந்தச் சிறுமி நம் வகுப்பில்தான் இருக்கிறாள்.

இவ்வளவும் வேதபாடத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்று எங்கள் சேகரத்து (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரத்து) பெரியவர்கள் சிலர் வருந்தினார்கள். வேதபாடத் தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது. கிறிஸ்தவப் பிள்ளைகள் அதில் தேற வேண்டும் என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. ஆபிரகாமை இரண்டு பத்தியில் படித்த பிள்ளைகள் தேர்வுத்தாளில் ஈசாக்கு என்றுதான் எழுதினார்கள் என்பதைக் காட்டினேன். இதற்கு மேல் அவர்களோடு நான் வாதாடவில்லை.

எனக்கே இன்னும் தெளியாத ஓர் இடம் கிறிஸ்மஸ் விழா. மரியாளாக நடிக்க இந்துச் சிறுமியோ முஸ்லிம் சிறுமியோ ஆசைப்படுவது வழக்கம். குர்ஆனில் மர்யம் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருப்பதால், ஒரு தாயார் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். நடிப்பு வழிபாடு அல்ல என்று நான் கருதுகிறேன். ஆனால் நாடகத்தின் கடைசிக் காட்சியில் எல்லாரும் தொட்டிலின் முன் முழங்கால்படியிட, அதிலிருந்தே ஐயர் ஜெபத்துக்குப் போய்விடுவார். நடிப்பு எங்கே முடிந்தது, ஆராதனை எங்கே தொடங்கியது என்று பிள்ளைக்குத் தெரியாது. அதனால் கடைசிக் காட்சிக்குப் பின் திரையை இழுத்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, உடை மாற்ற நேரம் கொடுத்த பிறகே ஜெபம் என்று நிகழ்ச்சி நிரலை மாற்றி எழுதினேன். விழா கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்று ஐயர் சொன்னார். ஆனாலும் அடுத்த ஆண்டு நிரலிலும் அதை அவர் அப்படியே விட்டுவைத்தார்.